கல் எண் ஒன்று

அந்தக் கிராமத்துக்குத் தண்ணீர் மலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், பின்னால் எழுதப்பட்ட கோப்புகள் எதிலும் இந்த விஷயம் இல்லை.

மலையடிவாரத்து ஊற்றிலிருந்து பூமிக்கு அடியில் ஒரு சுரங்க வாய்க்கால் குடைந்து, உள்ளே கல் பாவி, ஊர் நடுவில் இருக்கும் கல்தொட்டி வரைக்கும் யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஆள் இறங்கிச் சுத்தம் செய்வதற்காக வழியில் ஐந்து இடத்தில் கிணறு மாதிரிக் குழிகள் இருந்தன. பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது, அதிகாரியும் கிடையாது. சரிவு இருந்தது, தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு பெயர் வைக்கும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 'தண்ணி வர்ற வழி' என்பார்கள்.

தொட்டியில் நிறைந்தது போக வழிவது கீழத்தெரு ஓரமாக ஓடி நாற்றுக்காரியின் கொட்டகைக்குப் போய்ச் சேரும். நாற்றுக்காரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. இருபது வருஷமாகத் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று வளர்த்து விற்றதில் அந்தப் பெயர் தேய்ந்து காணாமல் போய்விட்டது. வலை கட்டிய கொட்டகைக்குள் நூற்றுமுப்பது தட்டுகள், தட்டுக்குத் தொண்ணூறு குழி, குழிக்கு ஒரு விதை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணீர் காட்ட வேண்டும். ஒரு நாள் தவறினால் நாற்று தலையைத் தொங்கப் போடும், மூன்று நாள் தவறினால் எடுத்துக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். பிள்ளை பெற்றவள்கூட ஒரு நாள் வெளியூரில் தங்கிவிட்டு வரலாம், நாற்று போட்டவள் தங்க முடியாது என்று அவள் அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்பில் பாதிக்கு மேல் பெருமைதான்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மூன்றாவது குழிக்கு அடியில் ஒரு கல் பெயர்ந்து வழியில் விழுந்தது. தொடை கனத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் கட்டைவிரல் கனத்துக்குச் சுருங்கிவிட்டது.

ஊரே போய்க் குழியை எட்டிப் பார்த்தது. ஆறு பேர், ஒரு கடப்பாரை, அரை நாள் வேலை என்று கொத்தனார் கணக்குச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு காலை வீட்டுக்கு ஒரு ஆள் இறங்கித் தூர் எடுப்பது வழக்கம்தான். ஆனால் தூர் என்பது பொது. கல் என்று வரும்போது அது யாருடைய கல் என்ற கேள்வி எழுந்தது. கீழத்தெருப் பக்கச் சுவரிலிருந்து பெயர்ந்த கல், அதனால் கீழத்தெருதான் இறங்க வேண்டும் என்றது மேலத்தெரு. எங்கிருந்து பெயர்ந்தால் என்ன, விழுந்து கிடப்பது மேலத்தெருப் பக்கம், அதனால் மேலத்தெருதான் தூக்க வேண்டும் என்றது கீழத்தெரு. பதினோரு நாள் கூடிக் கூடிப் பேசினார்கள். அந்தப் பதினோரு நாளும் நாற்றுக்காரி கட்டைவிரல் கனத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துப் பிடித்துத் தட்டுகளுக்குத் தெளித்தாள். பன்னிரண்டாம் நாள் இரண்டு தெருவும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டன. அரசாங்கத்துக்கு மனு கொடுத்துவிடலாம்.

நாற்றுக்காரியின் தம்பிக்கு வேலையே மனு எழுதுவதுதான். நகரத்தில் பெரிய அலுவலகத்துக்கு வெளியே ஒரு குடை, ஒரு மேசை, ஒரு பழைய தட்டச்சு இயந்திரம். அக்காவே நேரில் போனாள்.

"கல்லு விழுந்திருச்சு, அதை எடுக்க ஆள் அனுப்புங்கன்னு எழுதுடா."

"அப்படி எழுதினா எவன்க்கா படிப்பான்?"

"நடந்தது அதுதானேடா."

"நடந்ததை அப்படியே எழுதுறதுக்கு மனு எதுக்கு? ஒரு கனம் வேணாமா? நீ பேசாம உக்காரு."

தம்பி விரல்களைச் சொடுக்கிக்கொண்டு தட்டினான். 'பழமையும் பெருமையும் வாய்ந்த எமது நீர்வழங்கு அமைப்பினைப் புனரமைத்துத் தருமாறு தங்கள் மேலான சமூகத்தைப் பணிந்து வேண்டுகிறோம்.'

"புனரமைக்கிறதுன்னா என்னடா?"

"கல்லை எடுக்கிறதுதான்க்கா. கொஞ்சம் மரியாதையா."

அவள் கையெழுத்துப் போட்டாள். 'பழமை' என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லாதிருந்தால் மனு நீர்வழங்கல் துறைக்குப் போயிருக்கும். அங்கே அது முறைப்படி காணாமல் போயிருக்கும். ஒரு மாதம் பார்த்துவிட்டு, குடம் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போய், இரண்டு தெருவும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே குழிக்குள் இறங்கிக் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கும். 'பழமை' இருந்ததால் மனு தொன்மைக் காப்புத் துறைக்குப் போனது. அந்தத் துறையில் மூன்று வருஷமாக வேலை எதுவும் இல்லை. துறையை மூடிவிடலாமா என்று மேலே யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

ஐந்தாம் நாள் ஜீப் வந்துவிட்டது. அரசாங்கத்தின் வேகத்தைப் பார்த்து ஊர் வாயடைத்து நின்றது.

ஜீப்பிலிருந்து ஓர் ஆய்வாளரும், அவருக்கு எழுத ஓர் உதவியாளரும், உதவியாளருக்குக் குடை பிடிக்க ஒருவரும் இறங்கினார்கள். மனுவில் கையெழுத்து நாற்றுக்காரியுடையது என்பதால் அவளை முன்னால் அழைத்தார்கள்.

"இது எத்தனை வருஷப் பழசு?"

"தெரியலீங்க. நான் பொறந்ததுலேருந்து இருக்கு."

"உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டுங்க."

'குறைந்தபட்சம் நாற்பத்தெட்டு ஆண்டுகள்' என்று உதவியாளர் எழுதினார். அப்போது பக்கத்திலிருந்த தையல்காரர், தான் பிறந்ததிலிருந்தும் அது இருப்பதாகச் சொன்னார். அவருக்கு அறுபத்தொன்று. உதவியாளர் அடித்துவிட்டு எழுதினார். பின்னாலிருந்து ஒருவர் எழுபத்தாறு என்றார். உதவியாளர் மறுபடி அடித்தார். ஆய்வாளருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இதுக்கு மேல வயசானவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

யாரும் இல்லை. 'காலம் கணிக்க இயலாதது' என்று பதிவாயிற்று.

"சரிங்க, கல்லை எப்ப எடுப்பீங்க?" என்று நாற்றுக்காரி கேட்டாள்.

"எந்தக் கல்லை?"

"குழிக்குள்ள விழுந்து கிடக்குதே, அந்தக் கல்லைத்தான்."

ஆய்வாளர் குழியை எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "யாராவது அதைத் தொட்டீங்களா?"

"இல்லீங்க. பதினேழு நாளா யாருமே தொடல."

"நல்ல வேளை! இந்த ஊரு மாதிரிப் பொறுப்பான ஊரை நான் பார்த்ததே இல்ல."

வேலை செய்யாததற்காக ஊர் வாங்கிய முதல் பாராட்டு அது. மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே சமயத்தில் நெஞ்சை நிமிர்த்தின. குடை பிடித்தவர் குழிக்குள் இறங்கிக் கல்லின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் ஒன்று என்று எழுதிவிட்டு ஏறி வந்தார். அந்த நிமிஷத்திலிருந்து அது கல் எண் ஒன்று, பாதுகாக்கப்பட்ட பொருள். பதிவேட்டில் எழுதிய இடத்திலிருந்து ஒரு விரற்கடை நகர்ந்தாலும் குற்றம்.

"அதை எடுக்கணும்னுதானேங்க மனுவே குடுத்தோம்?"

ஆய்வாளர் மனுவை விரித்துக் காட்டினார். "நீங்களே படிச்சுப் பாருங்கம்மா. கல்லுன்னு ஒரு வார்த்தை இருக்கா?"

இல்லை. நாற்றுக்காரி கூட்டத்தில் நின்ற தம்பியைப் பார்த்தாள். தம்பி மலையைப் பார்த்தான்.

மறுநாள் குழிகளுக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டினார்கள். ஒரு பலகையும் நட்டார்கள். அத்துமீறி இறங்குபவர்களுக்கு என்னென்ன தண்டனை என்று அதில் இருபத்திரண்டு வரி இருந்தது. அதற்கப்புறம் ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். ஒரு மாதம் தங்கி, கல்லைச் சுரண்டிச் சுரண்டிச் சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அறுபது பக்கத்துக்கு அறிக்கை வந்தது. சுரங்கத்தில் உள்ள கற்களிலேயே மிகவும் பழையது கல் எண் ஒன்றுதான் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். மற்ற கற்கள் எல்லாம் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆகவே கல் எண் ஒன்றே இந்த அமைப்பின் இதயம். அது வழியை அடைத்துக்கொண்டு நிற்பதை வைத்துப் பார்க்கும்போது, இந்த அமைப்பைத் தண்ணீரைக் கொண்டுவருவதற்காக அன்றி நிறுத்துவதற்காகவே முன்னோர் கட்டினார்கள் என்று கருத இடமுண்டு.

அறிக்கையைத் தம்பிதான் அக்காவுக்குப் படித்துச் சொன்னான்.

"அப்ப இத்தனை நாள் நாம குடிச்சது?"

"அது முறைகேடுக்கா" என்றான் தம்பி.

அடுத்து ஒரு படிவம் வந்தது. இயங்காத அமைப்புகளை மட்டுமே புனரமைக்கலாம் என்று விதி. ஆய்வாளர் தொட்டிக்கு வந்து, கட்டைவிரல் கனத்துக்கு ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீரை ஒரு பொல்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது ஓடிட்டே இருக்கேம்மா. ஓடுச்சுன்னா இயங்குதுன்னு அர்த்தம். இயங்குறதை எப்படிப் புனரமைக்கிறது?"

"அப்ப விட்டுடுங்க. கல்லை மட்டும் எடுத்துடறோம்."

"அதெப்படி விட முடியும்? புனரமைக்கணும்னு உத்தரவு வந்திருச்சே."

"அதுக்குன்னு வர்ற தண்ணியை நிறுத்துவீங்களா? தண்ணிக்காகத்தானேங்க இவ்வளவும்?"

"தண்ணி வேற துறைம்மா" என்றார் ஆய்வாளர், பொறுமையாக. "நாங்க வழியை மட்டும்தான் பார்க்கிறோம்."

ஊற்றுக்கண்ணில் சாக்குகளில் மணலைக் கட்டி அடுக்கித் தண்ணீரை மறுபக்கத்து ஓடைக்குத் திருப்பிவிட்டார்கள். தற்காலிக ஏற்பாடு என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் தொட்டி காய்ந்தது. 'அமைப்பு இயங்கவில்லை' என்று ஆய்வாளர் மனநிறைவோடு சான்று எழுதினார்.

தாகத்துக்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. நீர்வழங்கல் துறை ஒரு தண்ணீர் லாரி கொடுத்தது. அதை ஓட்ட ஆள் தேடியபோது கிடைத்தவர் வேறு யாருமில்லை, நாற்றுக்காரியின் புருஷன்தான். வாடகை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அரசாங்க ஸ்டியரிங் கையில் வந்ததும் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் பிடிக்க எங்கே போகிறார் என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"மலைக்கு அந்தப் பக்கம் ஓடை இருக்கில்ல, அங்கதான்."

"நம்ம தண்ணிதானே அது?"

"நம்ம தண்ணிதான். சுத்தி வர்றதுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். ரோடு மோசம்."

வீட்டுக்கு இரண்டு குடம் என்று அளவு. மனுஷனுக்கு இரண்டு குடம் போதும், நாற்பது தட்டு மிளகாய்க்குப் போதாது. நாற்றுக்காரி குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தெளித்துப் பார்த்தாள். முதலில் தக்காளி போனது, அப்புறம் கத்தரி. பத்து வருஷமாக அவளிடம் மட்டுமே நாற்று வாங்கியவர்கள் வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்கள். கடைசியாக மிளகாய்த் தட்டுகளைக் கவிழ்த்த அன்று அவள் கொட்டகைக்குள் உட்கார்ந்து அழுதாள். புருஷன் லாரியைத் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, காலித் தட்டுகளை அடுக்கி வைத்தார். ஒரே ஒரு தட்டு மிளகாயை மட்டும் அவள் எப்படியோ சாகவிடாமல் காப்பாற்றி வைத்திருந்தாள்.

அப்போதுதான் ஆலோசகர் வந்து சேர்ந்தார். நகரத்தில் பெரிய பெரிய வீடுகளைக் குடிசை மாதிரி கட்டிக் கொடுப்பதில் பேர்போனவர். கைத்தறிச் சட்டை, முழங்காலுக்கு மேல் மடித்த கால்சட்டை. மண்ணை உணர வேண்டும் என்பதற்காகச் செருப்பில்லாமல்தான் நடப்பார். செருப்பை எடுத்துக்கொண்டு டிரைவர் நாலடி பின்னால் வருவார். அவரோடு வந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் ரொம்பத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஆலோசகர் காய்ந்த தொட்டி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்.

"பிரமாதம்" என்றார். "என்ன ஒரு மௌனம்!"

"தண்ணி வந்தா சத்தம் நல்லா இருக்குங்க" என்றாள் நாற்றுக்காரி.

"தண்ணி வர்றது முக்கியமில்லம்மா. தண்ணியோட உணர்வு வரணும்."

உணர்வு வரத் தொடங்கியது. தொட்டிக்குள் நீலக் கூழாங்கற்கள் பரப்பினார்கள். பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு ஒலிபெருக்கி கட்டினார்கள். சுவிட்சைப் போட்டால் தண்ணீர் சலசலவென்று ஓடும் சத்தம் வரும். ஊற்றை அடைப்பதற்கு முதல்நாள் ஆய்வாளரின் உதவியாளர் கோப்புக்காக இதே தொட்டியில் பதிவு செய்து வைத்திருந்த சத்தம்தான் அது, அதனால் ஊரில் யாரும் குறை சொல்ல முடியவில்லை. முதல் தடவை அதைக் கேட்டபோது கீழத்தெருவில் நாலு பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். ஆலோசகர் அதைப் படம் பிடித்துக்கொண்டு, இவ்வளவு உண்மையான வரவேற்பைத் தான் எதிர்பார்க்கவில்லை என்றார்.

கொட்டகையை 'நீர் நினைவகம்' ஆக்கினார்கள். நாற்றுக்காரிக்கு வேலை கொடுத்தார்கள். பதவியின் பெயர் 'மரபு நீர் விளக்குநர்'. மண் நிறத்தில் ஓர் உடுப்பு, இடுப்பில் ஒரு குடம். குடம் ஃபைபரில் செய்து மண்குடம் மாதிரிச் சாயம் பூசியது. பார்க்க வருகிறவர்கள் குப்பை போட்டுவிடுவார்கள் என்று அதன் வாயை மூடியே செய்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு அவள் தொட்டியைச் சுற்றி நடக்க வேண்டும்.

"இப்படி இல்லம்மா" என்று ஆலோசகர் திருத்தினார். "தண்ணி எடுக்கப் போற பொம்பள மாதிரி இயல்பா நடங்க."

"நான் முப்பது வருஷமா தண்ணி எடுக்கப் போனவதாங்க."

"அதான் தெரியுதே. ரொம்ப வேகமா நடக்குறீங்க."

குழிகளின் சாவிக்கொத்தையும் அவளிடமே கொடுத்தார்கள். பதவியோடு வந்த பொறுப்பு அது. தம்பிக்குச் சான்று எழுத்தர் வேலை கிடைத்தது. தையல்காரர் மண் நிற உடுப்புகள் தைத்தார். கொத்தனார் கல் எண் ஒன்றைப் போலவே உள்ளங்கையளவில் கல் செதுக்கி விற்றார், அதற்கு நல்ல கிராக்கி. மேலத்தெருவில் மூன்று டீக்கடைகள் முளைத்தன. கீழத்தெருக்காரர்கள் பாட்டில் தண்ணீர் விற்றார்கள். வாரக் கடைசியில் நகரத்திலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வந்து, காய்ந்த தொட்டியில் கையைக் குவித்துக் குடிப்பது போலப் படம் எடுத்துக்கொண்டு, நம் முன்னோர் எப்பேர்ப்பட்ட அறிவாளிகள் என்று வியந்துவிட்டுப் பாட்டில் வாங்கிக் குடித்தார்கள்.

திறப்பு விழாவுக்குப் பெரிய செயலரே வந்தார். மிகச் சிறந்த முறையில் உலரப் பேணப்பட்ட நீர் அமைப்பு என்று ஊருக்கு விருது கொடுத்தார். பேசும்போது, எத்தனையோ ஊர்களில் இதுபோன்ற அமைப்புகளைத் தண்ணீர் விட்டுப் பாழாக்கிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். ஊர் கைதட்டியது. நாற்றுக்காரியும் தட்டினாள். இடுப்பில் குடம் இருந்ததால் ஒரு கையால் தொடையில் தட்டினாள்.

விருதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை ஆய்வாளர் வந்து பார்ப்பார். கல் எண் ஒன்று பதிவேட்டில் உள்ள இடத்தில் இருக்க வேண்டும், தொட்டி காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விருது, பதவிகள், பலகை எல்லாம் ரத்து.

முதல் வருஷ ஆய்வுக்கு முதல்நாள் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. ஊற்றில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகள் பிய்த்துக்கொண்டு போயின. அத்தனை நாள் திரும்பிப் போன தண்ணீர் பழைய வழியில் புகுந்து, போன வேகத்தில் மூன்றாவது குழிக்கு அடியில் கிடந்த கல் எண் ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டது. ஆறு பேரும் இல்லை, கடப்பாரையும் இல்லை.

காலை ஏழு மணிக்கு நாற்றுக்காரி சுவிட்சைப் போட வந்தாள். சுவிட்சில் கை வைப்பதற்குள் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, தொடை கனத்துக்கு. நீலக் கூழாங்கற்களை அடித்துக்கொண்டு தொட்டி வழிந்து, தெரு ஓரமாக, வழி மறக்காமல், கொட்டகையைப் பார்த்து ஓடியது. அவள் பதறிப்போய் இடுப்புக் குடத்தைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தாள். பிடித்தபிறகுதான் அதற்கு வாய் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. குடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மிளகாய் இருக்கிற ஒன்று போக மற்றத் தட்டு எல்லாம் கொட்டகை மூலையில்தான் அடுக்கியிருக்கிறது, விதை வாங்கினால் நாற்பது நாளில் நாற்று என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"பத்து மணிக்கு ஆய்வாளர் வர்றாருக்கா" என்றான் தம்பி.

"வரட்டுமே. தண்ணி வந்திருச்சுன்னு சொல்லுவோம்."

"சொன்னா விருது போயிரும். என் வேலை போயிரும்."

"கடை போட்டு ஆறு மாசம்தான் ஆச்சும்மா" என்றார் டீக்கடைக்காரர். "சும்மா வர்ற தண்ணியைப் பார்க்க எவன் வருவான்?"

"கல்லு இடம் மாறியிருந்தா குற்றம்" என்று கொத்தனார் ஞாபகப்படுத்தினார். "யாரு மாத்தினதுன்னு கேப்பாங்க. சாவி யாருகிட்ட இருக்கோ அவங்களைத்தான் முதல்ல கேப்பாங்க."

எல்லோரும் அவள் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"லாரிக்கு டியூ இருக்கும்மா... நமக்கில்ல, துறைக்கு" என்று ஏதோ ஆரம்பித்து, பிறகு உண்மையைச் சொன்னார். "எனக்கு வேற வேலை கிடைக்காது."

நாற்றுக்காரிக்குக் கோபம் வந்தது. இந்த ஊரையும், தம்பியையும், அந்தச் சட்டையையும் சேர்த்து ஒரு வார்த்தை திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தபோதுதான் தன் உடம்பில் இருக்கிற மண் நிற உடுப்பு கண்ணில் பட்டது. மாசம் பிறந்தால் தவறாமல் வருகிற சம்பளம், வெயிலில் குனிந்து குனிந்து தட்டு நிரப்பாத இடுப்பு, பேத்திகள் பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற படம். நாற்றுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, உண்மைதான். நாற்று வாங்குகிறவர்கள் எல்லோரும் வேறு இடம் பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது, அதுவும் உண்மைதான்.

"ஒரு மணி நேரம் ஓடட்டும்" என்றாள் கடைசியில். "எல்லாரும் இருக்குறதுல எல்லாம் பிடிச்சு வச்சுக்குங்க."

ஊர் வீட்டுக்கு ஓடிப் பாத்திரங்களோடு வந்தது. ஒரு மணி நேரம் பிடித்தார்கள். அவளும் ஒரு வாளி பிடித்துக்கொண்டுபோய் மிச்சமிருந்த மிளகாய்த் தட்டுக்கு ஊற்றினாள். திரும்பி வந்து சாவியைக் கொத்திலிருந்து கழற்றிக் கொத்தனாரிடம் நீட்டினாள். கழற்றும்போது விரல் நகம் ஒன்று உடைந்தது.

அதன்பிறகு நடந்தது போன்ற ஒரு வேலையை ஊர் தன் சரித்திரத்தில் செய்ததில்லை. மேலத்தெருவிலிருந்து மூன்று பேர், கீழத்தெருவிலிருந்து மூன்று பேர், யாரும் யாரையும் நீ இறங்கு என்று சொல்லவில்லை. ஒரு கடப்பாரை போதுமாயிருந்தது. அந்தக் கல் யாருடையது என்ற கேள்வியே எழவில்லை. பதிவேட்டைத் தம்பி மேலே நின்று உரக்கப் படிக்கப் படிக்க, வடகிழக்காக ஒரு முழம், சரிவாக ஒரு சாண் என்று அளந்து, வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய எண் மேலே தெரியும்படிக் கல்லைத் தண்ணீருக்குக் குறுக்கே வைத்து, சந்துகளில் களிமண் பூசி அடைத்தார்கள். அடைபட்ட தண்ணீர் எதிரேறி மலைக்கு அந்தப் பக்கத்து ஓடைக்கே போய்விட்டது. பெண்கள் தொட்டியைத் துணியால் துடைத்துக் கூழாங்கற்களைப் பொறுக்கிப் பரப்பினார்கள். மனு எதுவும் யாரும் எழுதவில்லை. ஒன்பதரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. கொத்தனார் சொன்ன அரை நாள்கூட ஆகவில்லை.

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கல் எண் ஒன்று பதிவேட்டில் உள்ளபடி இருந்தது.

"கல்லு ஈரமா இருக்கே?"

"நேத்து மழைங்க" என்றாள் நாற்றுக்காரி.

அவர் மழை என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டார். தொட்டியைத் தடவிப் பார்த்தார், விரலை முகர்ந்தார், திருப்தியாகத் தலையாட்டினார். கடைசிக் கட்டம் ஒன்று பாக்கியிருந்தது.

"அமைப்பைப் பத்தி மக்கள் தரப்புல புகார் ஏதாவது?"

ஊர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. எல்லோருடைய முழங்கைகளிலும் களிமண் காய்ந்துகொண்டிருந்தது. அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க."

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆய்வாளர் கோப்பை மூடினார். குழிக்கும் தொட்டிக்கும் வெயிலில் நடந்ததில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. தொட்டித் திட்டில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?"

வீட்டுக்கு வீடு வழிய வழிய நிறைந்திருந்தது. ஆனால் வீட்டுக்கு இரண்டு குடம் என்பதுதான் அளவு, கணக்குப்படி அது நேற்றே தீர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் இருப்பதை அரசாங்கத்துக்குக் காட்ட முடியாது. பாட்டில் விற்கிறவர்கள்கூடக் கடையை அடைத்துவிட்டுக் குழிக்குப் போனவர்கள் இன்னும் திறக்கவில்லை. ஊர் ஆளுக்கொரு பக்கம் பார்த்தது.

"லாரி பதினோரு மணிக்கு வந்திருங்க" என்றாள் நாற்றுக்காரி. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. "அது வரைக்கும் சத்தம் போட்டு விடட்டுங்களா?"

ஆய்வாளர் உலர்ந்த உதட்டை ஒரு தடவை நக்கிக்கொண்டு, சரி என்றார். அவள் போய் சுவிட்சைப் போட்டாள்.